ஓட்டு உங்களுக்கு, அண்ணன் எனக்கு

குத்துக்கல்வலசை
ஜனவரி 12

அன்புள்ள மணி அண்ணனுக்கு,

தங்கச்சி குழல்வாய்மொழி எழுதுவது. அம்மாவுக்கு முட்டுவலி கொஞ்சம் தேவலை. எனக்கு ஒரு குறையும் இல்லை. உனக்குச் சளி விட்டதா? நீ ஜெயில் போனில் வரும்போதெல்லாம் அம்மா அழுது முடிப்பதற்குள் நேரம் போய்விடுகிறது. 'அண்ணே' என்று சொல்லக்கூட எனக்கு இடம் கிடைப்பதில்லை. அதனால்தான் கடிதம். என் கூடப் படித்தவர்கள் யாருக்கும் தபால்தலை எங்கே விற்கும் என்றே தெரியாது. எனக்கு போஸ்ட் ஆபீஸில் பெஞ்ச் போட்டு உட்காரச் சொல்கிறார்கள்.

இனி விஷயம். உட்கார்ந்து படி. நம்ம ஞானதுரை வக்கீல் அண்ணாச்சி மறுபடியும் எம்.எல்.ஏ.வுக்கு நிற்கப்போகிறார்! கட்சி இன்னும் அறிவிக்கவில்லை. ஆனால் எனக்கு முதலிலேயே தெரியும். ஏன் தெரியுமா? நான் நடத்துகிற 'வக்கீல் அண்ணாச்சி ஆர்மி' பேஜைப் பார்த்துவிட்டு அவரே ஆபீசுக்குக் கூப்பிட்டார். "ஏ பிள்ள, நீதானா அது? நான் யாரோ சென்னையில இருக்கவன்னுல்லா நெனச்சேன்" என்றார். எடிட்டிங் யாரிடம் படித்தாய் என்று கேட்டார். யாரிடமும் இல்லை, போனில் பார்த்துப் பார்த்துத்தான் என்றேன். இனி அவருடைய எல்லா வீடியோவும் நானும் என் கூடப் படித்த முஃபீதும்தான். முஃபீத் கேமரா, நான் எடிட்டிங்.

உன்னையும் கேட்டார். "மணிகண்டபிரபு எப்படி இருக்கான்? 22-ஆம் தேதி மதுரை ஹைகோர்ட்ல அவன் மனு வருது. நானே நேர்ல போயி பேசுதேன்னு அம்மாட்ட சொல்லு" என்றார். அப்பீல் முடியும்வரை உன்னை வெளியே விடச் சொல்கிற மனு அதுதான். அம்மா அன்றைக்கே உன் போர்வையைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டாள்.

பாவூர்சத்திரம் சந்தையில் நீ தள்ளின ஆள் டெம்போவிலிருந்து விழுந்து செத்தபோது எல்லாரும் கொலை கொலை என்றார்கள். தென்காசி கோர்ட்டில் ஒரு மத்தியானம் முழுக்க நின்று, வேணும்னு செய்யலை என்று பேசி, அதை ஏழு வருடமாகக் குறைத்தவர் அவர். எம்.எல்.ஏ.வாக இருந்துகொண்டே செய்தார். அன்றைக்குப் பிடித்த பைத்தியம் எனக்கு இன்னும் விடவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். ராத்திரி தலையில் தண்ணீர் ஊற்றாதே.

உன் வரவுக்காக,
குழலு

பாளையங்கோட்டை
பிப்ரவரி 2

பாசமுள்ள தங்கச்சிக்கு,

இங்கே நான் சுகம். சளி போய்விட்டது, இப்போது இருமல் மட்டும் தங்கியிருக்கிறது. அம்மாவுக்கு முட்டுக்கு எண்ணெய் போடுகிறாயா, இல்லை போனை நோண்டிக்கொண்டே இருக்கிறாயா? நம் கடிதங்களைப் பிரித்துப் படிக்கிற ஐயா நேற்று என்னைக் கூப்பிட்டு, "ஒந் தங்கச்சி நல்லா எழுதுதாலே, ஆனா கையெழுத்து கோழி கெளறுன மாதிரி இருக்கு" என்றார். ஐயாவுக்கு வணக்கம்.

உன் பேஜைப் பற்றி எங்கள் பிளாக்கில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். பக்கத்துப் பாயில் படுக்கிற சிவனணைந்தபெருமாள் அண்ணாச்சிக்கு ரீல்ஸ் என்றால் என்னவென்று புரியவைக்க ஒரு சாயங்காலம் ஆயிற்று. "அப்போ சினிமா மாதிரி, ஆனா சட்டுனு முடிஞ்சிரும், அதானடே?" என்றார். ஆமாம் என்றேன்.

தோட்ட வேலைக்குப் போட்டிருக்கிறார்கள். கத்தரிச் செடி. சந்தையில் கூடை கூடையாக ஏற்றியிருக்கிறேன், பூவை இப்போதுதான் பார்க்கிறேன்.

22-ஆம் தேதி மதுரையில் மழையா?

அம்மாவிடம் அழவேண்டாம் என்று சொல். சொன்னால் அழுவாள், சொல்லாதே.

இப்படிக்கு அண்ணன்,
மணி

குத்துக்கல்வலசை
பிப்ரவரி 10

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் நலம். இருமலுக்குத் துளசி கிடைக்குமா அங்கே? கேட்டுப் பார்.

அண்ணே, வைரல்! ஐந்தருவியில் ஒரு ரீல் எடுத்தோம். இப்போது தண்ணீர் எங்கே இருக்கிறது, பாறையில் நூல் மாதிரி வழிகிறது. அண்ணாச்சி வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு அதன் முன்னால் நின்று, "அருவி வத்தும், அடுத்த சாரலுக்கு வந்துரும். ஞானதுரை வத்தவே மாட்டான்!" என்றார். நான் அதற்கு அடியில் ஒரு தவில் பிட்டு போட்டு ஸ்லோ மோஷனில் விட்டேன். விடிவதற்குள் லட்சத்தைத் தாண்டிவிட்டது. செங்கோட்டைப் பக்கமிருந்து ஒரு மலையாளச் சேட்டன் 'அடிபொளி' என்று புகழ்ந்து கமெண்ட் போட்டிருக்கிறார். எதிர்க்கட்சிக்காரன் ஒருத்தன் 'அப்படின்னா குத்தாலத்துக்கு ஏன் இன்னும் நல்ல கக்கூஸ் இல்ல' என்று கேட்டான். பிளாக் பண்ணிவிட்டேன்.

மேலகரத்தில் ஜெஸி அக்கா கடையில் டீ குடித்தால் என்னிடம் காசு வாங்க மாட்டேன் என்கிறாள். "நீ எம்.எல்.ஏ. ஆளுல்லா" என்கிறாள். அம்மாவுக்கு ஒரு புதுச் சேலை எடுத்தேன், மாம்பழக் கலர். உடுத்தாமல் வைத்திருக்கிறாள், நீ வரும்போது உடுத்துவாளாம்.

வேறு விசேஷம் ஒன்றும் இல்லை.

உன் குழலு

பி.கு. மனு மார்ச்சுக்குப் போயிருக்கிறது. 22-ஆம் தேதி அண்ணாச்சிக்கு சென்னையில் வேட்பாளர் நேர்காணல். அவர் என்ன செய்வார் சொல். ஜூனியர் போய் தேதி வாங்கிவிட்டு வந்தார். மழையெல்லாம் இல்லை.

பாளையங்கோட்டை
மார்ச் 8

தங்கச்சிக்கு,

அண்ணன் நலமே. நீயும் அம்மாவும் அப்படியே இருக்க வேண்டும். துளசி கேட்டேன், சிரித்தார்கள்.

இங்கே ஒரு விசேஷம். சிவனணைந்தபெருமாள் அண்ணாச்சி போன வாரம் வெளியே போய்விட்டார். அவருக்கும் நம்ம மாதிரி மனுதான், எனக்குப் பிறகு போட்டது. தென்காசியிலிருந்து ஆசியா என்று ஒரு வக்கீல் அம்மா மதுரைக்குப் போய்ப் பேசினார்களாம். நம்ம அண்ணாச்சியிடம் முன்னாடி ஜூனியராக இருந்தவர்கள்தான். சிவனணைந்தபெருமாள் அண்ணாச்சி போகும்போது தன் வாளியையும் பாதி சோப்பையும் எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். நல்ல வாளி.

இப்போது பக்கத்துப் பாய் காலி. ராத்திரி பேச ஆள் இல்லாததால் சீக்கிரம் படுத்துவிடுகிறேன். உறக்கம் வருகிறதா என்று கேட்காதே.

அண்ணாச்சி ஜெயிக்கட்டும். உன் அருவி வீடியோவைப் பற்றி ஐயாவே சொன்னார், அவர் போனிலும் வந்ததாம்.

மாம்பழக் கலர் அம்மாவுக்கு எடுப்பாக இருக்கும்.

அண்ணன் மணி

குத்துக்கல்வலசை
மார்ச் 15

அண்ணனுக்கு,

சுகமா? நாங்கள் சுகம்தான்.

வாளிக் கதை எதற்கு? வக்கீலை மாத்து என்று நேராகவே எழுதியிருக்கலாமே. நான் என்ன சின்னப்பிள்ளையா? படித்ததும் எனக்குக் கோபம் வந்தது, பிறகு அழுகை வந்தது, இப்போது மறுபடியும் கோபம்.

நீ அங்கே இருந்துகொண்டு லேசாக நினைக்கிறாய். ஒரு வக்கீலிடமிருந்து கேஸை இன்னொருவருக்கு மாற்ற வேண்டுமென்றால், எனக்கு ஆட்சேபணை இல்லை என்று முதல் வக்கீல் புது வக்காலத்தில் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். அதை யார் போய் அவரிடம் கேட்பது? நான். எப்போது? நேற்றுத்தான் கட்சி அவர் பேரை அறிவித்திருக்கும்போது. ஊரெல்லாம் அவரை நம்புங்கள் நம்புங்கள் என்று வீடியோ போடுகிறவள், என் அண்ணன் கேஸுக்கு மட்டும் நீங்கள் வேண்டாம் என்று போய் நின்றால்? வெளியே தெரிந்தால் எதிர்க்கட்சிப் பேஜ்காரன் எனக்குத் தனி ரீலே போடுவான்.

அம்மாவிடம் மெல்லக் கேட்டேன். அடுப்படியிலிருந்து அப்படியே திரும்பினாள். "வெத்தல வச்சில்லா வக்காலத்து குடுத்தோம். வெத்தலய வாங்குன கையில இருந்து திருப்பி வாங்குவாவளா? நம்ம வம்சத்துல கல்யாணத்தையே அப்படி முறிச்சது இல்ல" என்றாள். வெற்றிலை மாறினால் சொல் மாறாது, உனக்குத் தெரியாதா?

மார்ச் கடைசியில் மறுபடி மனு வருகிறது. அண்ணாச்சி கட்டாயம் போவார். எனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார். பொறு அண்ணே.

குழல்வாய்மொழி

குத்துக்கல்வலசை
ஏப்ரல் 3

அன்புள்ள அண்ணனுக்கு,

உன்னிடமிருந்து பதிலே இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? போனிலும் அம்மாவிடம் மட்டும் பேசிவிட்டு வைத்துவிட்டாயாம். நான் குளித்துக்கொண்டிருந்தேன் என்று அவள் சொல்லியிருக்க மாட்டாள்.

இங்கே பிரச்சாரம் அனல் பறக்கிறது. என் தொண்டை கட்டிவிட்டது, நான் பேசவே இல்லை, கூட்டத்தோடு கத்தினதிலேயே. நேற்று நம்ம தெருவுக்கே வேன் வந்தது! ஆரத்தித் தட்டோடு பெண்கள் வரிசை. அண்ணாச்சி வேனை விட்டு இறங்கி ஒவ்வொரு தட்டாகக் குனிந்து திருநீறு வாங்கிக்கொண்டார். நான் லைவ் போட்டுக்கொண்டே பின்னால் நடக்கிறேன், ஐயாயிரம் பேர் பார்க்கிறார்கள், ஹார்ட்டாகப் பறக்கிறது. வரிசையில் கடைசியாக நின்றது யார்? நம்ம அம்மா. மாம்பழக் கலர் சேலை உடுத்தியிருந்தாள். அண்ணாச்சி சிரித்துக்கொண்டே, "பாலம்மா, நல்லா இருக்கியளா?" என்றார். அதற்குள் நெட் போய்விட்டது. நம்ம தெருவில் டவர் எப்போதுமே இப்படித்தான்.

மனு ஜூனுக்குப் போயிருக்கிறது. மே மாதம் கோர்ட் லீவு. கோபப்படாதே.

ஒரு வரியாவது எழுது.

உன் தங்கச்சி

பாளையங்கோட்டை
ஏப்ரல் 9

குழலுக்கு,

எனக்கு ஒன்றும் இல்லை, காய்ச்சல் வந்து போய்விட்டது. உன் தொண்டைக்கு உப்புத் தண்ணீர் கொப்பளி.

அம்மா போனில் சொன்னாள். தட்டைப் பிடித்துக்கொண்டு அவரிடம், "அண்ணாச்சி, எம் பிள்ளைய எப்ப கூட்டிட்டு வருவிய?" என்று கேட்டாளாம். அவர் "தேர்தல் முடியட்டும் பாலம்மா" என்று சொல்லிவிட்டு வேனில் ஏறினாராம். கற்பூரம் கையைச் சுடுகிறவரைக்கும் அம்மா நின்றாளாம். அது அவளுக்குப் பெரிதில்லை. "குழலு என்னையவே பாத்துட்டு போனை அமத்திட்டாடே" என்றாள். அதைச் சொல்லும்போது மட்டும் அழவில்லை.

டவர் போகவில்லை. எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். நான் உன்னைத் திட்ட எழுதவில்லை. நான் செய்ததைச் சொல்ல எழுதுகிறேன்.

ஒரு மாதமாக நான் அண்ணாச்சி தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன். ஜெயிலில் இருக்கிறவனுக்கு ஓட்டு இல்லை, வேண்டுதல் மட்டும்தான் உண்டு. தோற்றால் கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு கோர்ட்டுக்குத் திரும்புவார், எனக்காகப் பேச நேரம் இருக்கும் என்று கணக்கு. நீ அங்கே தொண்டை கிழிய ஜெயிக்க வை என்று கத்துகிறாய், நான் இங்கே சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டு தோற்க வை என்கிறேன். சாமி யார் பேச்சைக் கேட்கும்? உன் பதிலுக்குப் பதில் எழுதக் கூச்சமாக இருந்தது அதனால்தான்.

நான் தள்ளினேன், அந்த மனுஷன் செத்தான். தண்டனை எனக்கு வேண்டியதுதான். நான் ஓடிப்போகக் கேட்கவில்லை. அப்பீல் முடியும்வரை வீட்டில் இருக்கத்தான் கேட்கிறேன். ஒரு நாள் அம்மா கையால் சோற்றில் ரசம் ஊற்றிப் பிசைந்து, நீ பக்கத்தில் உட்கார்ந்து போனை நோண்ட, நான் உன் முதுகில் ஒன்று போட வேண்டும். அவ்வளவுதான் ஆசை. எழுதிவிட்டேன். ஐயாவும் படித்துவிட்டுப் போகட்டும்.

எனக்கு வெளியே வரணும்.

அண்ணன்

குத்துக்கல்வலசை
ஏப்ரல் 15

என் அண்ணனுக்கு,

நீ காய்ச்சலோடு கிடந்தபோது நான் ஹார்ட் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன். இப்போது எப்படி இருக்கிறது? மாத்திரை தந்தார்களா?

ஆமாம், நான்தான் நிறுத்தினேன். அம்மா வாயைத் திறந்ததுமே என் கட்டைவிரல் தானாகப் போய்விட்டது. எதையும் வெட்டிப் பழகின விரல்.

நேற்று ஆசியா மேடத்தைப் போய்ப் பார்த்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நான் ரெடி. ஆனா சார் கையெழுத்து வாங்கிட்டு வாம்மா. அவர்ட்ட தொழில் கத்துக்கிட்டவ நான், முறையோட வாறேன்" என்று புது வக்காலத்தைக் கையில் கொடுத்தார்கள். நேராகக் கட்சி ஆபீஸ். அண்ணாச்சி நாற்காலியில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார், காலெல்லாம் வீங்கிப்போய். சுற்றிலும் ஆட்கள். நீட்டினேன்.

வாசித்தார். சிரித்தார். "ஏட்டி, என்ன இது, ஏப்ரல் ஃபூலா? ஒண்ணாந் தேதி போயிட்டே."

"இல்ல அண்ணாச்சி. கையெழுத்து வேணும்."

"தேர்தல் முடியட்டும்."

"அம்மாட்டயும் அதான் சொன்னிய. இன்னைக்கே வேணும்."

பக்கத்தில் நின்ற ஒருத்தர், "எவன்ட்ட காசு வாங்குனே நீ?" என்று எகிறினார். அண்ணாச்சி கையைக் காட்டி அவரை நிறுத்தினார். என்னையே பார்த்தார். "நீயே என்னைய நம்பலயா பிள்ள?" என்றார். அண்ணே, அந்தக் குரலைக் கேட்டதும் பேப்பரைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிடலாம் என்றிருந்தது. எப்படியோ வாயில் வார்த்தை வந்தது.

"நம்புதேன். ஓட்டு உங்களுக்குத்தான் போடுவேன். ஓட்டு உங்களுக்கு அண்ணாச்சி, அண்ணன் எனக்கு."

வெளியே முஃபீத் மைக் டெஸ்ட் பண்ணுகிற சத்தம் மட்டும் கேட்டது. அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தெனமும் படுக்கப் போகும்போது ஒன் வீடியோவத்தான் பாப்பேன். அதப் பாத்துப் பாத்து நான் சொன்னதெல்லாம் செஞ்சிட்டேன்னே நெனச்சிக்கிட்டேன்" என்றார். பேனா கேட்டார். அம்மா வெற்றிலை விஷயத்தைச் சொல்வாளே என்றேன். "அந்த வெத்தல காஞ்சி எத்தன நாளாச்சு. நானே வந்து அவிய கால்ல விழுதேன்னு சொல்லு" என்று கையெழுத்துப் போட்டார்.

நான் படியிறங்குவதற்குள் பிரச்சார குரூப்பிலிருந்து என்னைத் தூக்கிவிட்டார்கள். பேஜ் பாஸ்வேர்டை முஃபீதிடம் எழுதிக் கொடுத்தேன். "லூசாட்டி நீ? ஒத்த வாரம் பொறுக்கக் கூடாதா?" என்றான். பிறகு அவனே பஸ் ஸ்டாண்டில் கொண்டு விட்டான். என் அருவி ரீலில் இப்போது வேறு யாரோ பேர் போட்டிருக்கிறது. ஒன்றும் இல்லை என்று எழுத நினைத்தேன். வலிக்கிறது.

மருந்து சாப்பிடு.

குழலு

பாளையங்கோட்டை
மே 10

குழலு தங்கச்சிக்கு,

உடம்பு தேறிவிட்டது. இங்கே வெயில், சுவரைத் தொட முடியவில்லை. அம்மாவை மத்தியானம் வெளியே விடாதே.

அண்ணாச்சி ஜெயித்ததை டி.வி.யில் பார்த்தேன். கடைசி ரவுண்டு வரைக்கும் இழுத்தது. மாலையோடு அவர் முகத்தைக் காட்டியபோது நான்தான் முதலில் கைதட்டினேன். என் வேண்டுதல் பலிக்காததில் இவ்வளவு சந்தோஷம் வரும் என்று எனக்கே தெரியாது.

அவர் பக்கத்தில் கேமராவோடு ஒரு பெண் நின்றாள். நீயோ என்று எழுந்துவிட்டேன். இல்லை.

நீ ஓட்டுப் போட்டாயா?

அண்ணன்

மதுரை பஸ் ஸ்டாண்ட்
ஜூன் 12, வெள்ளி

அண்ணே,

நலமா என்று கேட்கிற பொறுமை எனக்கு இல்லை. பஸ்ஸுக்கு நிற்கும்போதே எழுதுகிறேன். கோழி கிளறினது மாதிரிதான் இருக்கும், ஐயா மன்னிக்கட்டும்.

போட்டேன். அவருக்குத்தான்.

இன்றைக்கு ஆசியா மேடம் பேசினார்கள். பெரிய சத்தமெல்லாம் இல்லை, மேசையைத் தட்டவில்லை, அடுத்தவருக்கு வழி விட்டுப் பேசுகிற மாதிரிப் பேசினார்கள். அரசு வக்கீல் ஏதோ சொன்னார். ஜட்ஜ் ஃபைலைப் புரட்டிக்கொண்டே, "இந்த மனு இவ்வளவு நாளா இருக்கே, ஏன் இதுவரைக்கும் யாரும் வாதாடலை?" என்று கேட்டார். மேடம் அடுத்த பாயிண்டுக்குப் போய்விட்டார்கள். தன் சாரை விட்டுக்கொடுக்கவில்லை. நான் கடைசி பெஞ்சில் இருந்தேன். எழுந்து நின்று, 'நாங்கள் ரசித்துக்கொண்டிருந்தோம் ஐயா' என்று சொல்ல வேண்டும் போல வாய் வரை வந்தது.

விட்டுவிட்டார்கள் அண்ணே. அப்பீல் முடியும்வரை நீ வீட்டில் இருக்கலாம். மாதாமாதம் ஸ்டேஷனில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு டீ ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை. இவ்வளவுதானா? இவ்வளவுக்காகவா? வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்து நான் அழுததை மேடம் சந்தோஷம் என்று நினைத்துத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தார்கள். ஜனவரியிலேயே நீ வந்திருப்பாய். பொங்கலுக்கு அம்மா துவைத்துப் போட்ட உன் போர்வையின் ஈரம் காய்வதற்குள் வந்திருப்பாய்.

அண்ணாச்சி போன் பண்ணினார். "கெடச்சிட்டா பிள்ள?" என்றார். கிடைத்துவிட்டது என்றேன். "சரி, வச்சிருதேன்" என்றார். எனக்கு அவரை இன்னும் பிடிக்கிறது, என்ன செய்ய.

ஜாமீன்காரர்கள், உத்தரவு எல்லாம் வந்து சேர்ந்து திங்கள்கிழமை காலையில் உன்னை விடுவார்களாம். இந்தக் கடிதம் அதற்குள் வருமோ என்னவோ, வராவிட்டாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை. அம்மாவும் நானும் எதிர்ப்பக்க மரத்தடியில் நிற்போம்.

கேட்டை விட்டு வெளியே வந்ததும் எங்களைப் பார்த்து ஓடி வந்துவிடாதே. மெதுவாக வா அண்ணே. நீ வருவதை நாங்கள் கொஞ்ச நேரம் பார்க்க வேண்டும்.

குழலு